பைடெஸ்டை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் கமாண்ட் ஓடுகிறதே, ஏன்?

அரைப்புள்ளி:

வணக்கம். எங்கள் குழுவின் சிறிய பைத்தான் ப்ராஜெக்ட் ஒன்றை வெளி லைப்ரரி எதுவும் இல்லாமல் ஓட வைக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. டெஸ்ட்களும் அதில் அடக்கம். அதனால் டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் என்ற வெளி லைப்ரரியை எடுத்துவிட்டு, பைத்தானோடு சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்டுக்கு மாறுகிறோம். லினக்ஸ், .வென்வ் என்ற விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் (இந்த ப்ராஜெக்ட்டின் லைப்ரரிகளைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) வேலை.

லைப்ரரிகளை வைக்கவும் நீக்கவும் உதவும் பிப் கருவியிடம் டெர்மினலில் கொடுத்தது இதுதான்:

பிப் அன்இன்ஸ்டால் பைடெஸ்ட்

எந்தெந்த ஃபைல்கள் போகும் என்று காட்டியது, தொடரலாமா என்று கேட்டது, ஒய் அடித்தேன், நீக்கியாயிற்று என்று சொன்னது. அப்புறம் புது டெர்மினல் திறந்து, என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்து, பைடெஸ்ட் என்று அடித்தால் அது பாட்டுக்கு ஓடுகிறது. வெர்ஷன் மட்டும் பழையது. பிப் லிஸ்ட்டில் பைடெஸ்ட் இல்லை. ஆனால் ப்ளகி, இனிகான்ஃபிக், பேக்கேஜிங் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் இன்ஸ்டால் செய்யச் சொல்லவில்லை.

ஓடுவது எந்தப் பைடெஸ்ட்? அந்த மூன்றையும் எடுத்துவிடலாமா? வேறு எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

கருந்திரை:

முதல் கேள்விக்கு ஊகம் வேண்டாம், ஷெல்லையே கேட்டுவிடலாம்:

டைப் -ஏ பைடெஸ்ட்

பாத்தில், அதாவது கமாண்ட்களை ஷெல் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் எந்த வரிசையில் தேடுமோ அந்த வரிசையில் காட்டும். -ஏ இல்லாமல் கொடுத்தால் முதலில் அகப்படுவதை மட்டும் சொல்லும். இங்கே அது போதாது.

கிடைத்த ஃபைலைத் திறந்து முதல் வரியையும் பாருங்கள். பைடெஸ்ட் கமாண்ட் என்பது சில வரிகளே உள்ள ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அதன் முதல் வரியில் எந்தப் பைத்தானால் ஓட வேண்டும் என்று முழுப் பாதையோடு எழுதியிருக்கும். என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்திருக்கிறீர்களா இல்லையா என்பதை அது கண்டுகொள்ளாது. முதல் வரியில் உள்ள பைத்தான்தான் ஓடும், அந்தப் பைத்தானின் லைப்ரரிகள்தான் கண்ணில் படும்.

இரண்டையும் இங்கே போடுங்கள்.

அரைப்புள்ளி:

ஒரே ஒரு பாதைதான் வந்தது. ஹோம் ஃபோல்டருக்குள் .லோக்கல்/பின்/பைடெஸ்ட். முதல் வரியில் இருப்பது /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3.

கருந்திரை:

சரி, அப்படியானால் விஷயம் தெளிவு. உங்கள் மெஷினில் இரண்டு பைடெஸ்ட்கள் இருந்திருக்கின்றன. ஒன்று .வென்வ்-க்குள். அதை பிப் ஒழுங்காக நீக்கிவிட்டது. இன்னொன்று எப்போதோ என்விரான்மென்ட் இல்லாமல், சிஸ்டம் பைத்தானின் பிப்பைக் கொண்டு இன்ஸ்டால் ஆனது. சிஸ்டம் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாதபோது பிப் தானாகவே யூசர் இன்ஸ்டாலுக்கு மாறி, ஹோமுக்குள் .லோக்கலில் வைத்துவிடும். ஒரு வரி அறிவிப்பு வரும். மற்ற வரிகளோடு அது ஓடிப்போய்விடும்.

முதலாவது இருந்தவரை அது பாத்தில் முன்னால் நின்றது, பின்னால் இருந்தது தெரியவில்லை. முன்னால் நின்றது போனதும் பின்னால் இருப்பது தெரிகிறது. பிப் பொய் சொல்லவில்லை, தான் இருக்கும் என்விரான்மென்ட்டைப் பற்றி மட்டும் பேசியது.

இனிமேல் வெறும் பிப் என்று அடிக்காமல், எந்தப் பைத்தானுக்கு என்று சொல்லியே கொடுங்கள்:

பைத்தான் -எம் பிப் அன்இன்ஸ்டால் பைடெஸ்ட்

இன்ஸ்டால் செய்யும்போதும் அப்படித்தான். பைத்தான் எதுவோ பிப்பும் அதனுடையதே என்பது இதில் உறுதி. உங்கள் விஷயத்தில் என்விரான்மென்ட்டிலிருந்து டீஆக்டிவேட் செய்து வெளியே வந்து, அந்த /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்பதை முழுப் பாதையாகக் கொடுத்து நீக்குங்கள்.

மூலநிரல்:

கூடவே ஒன்று. இதே இடத்தில் சிலருக்கு நேர் எதிரான தொல்லை வரும். நீக்கிய அதே டெர்மினலில் பைடெஸ்ட் என்று அடித்தால், ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று முழுப் பாதையோடு பாஷ் என்ற ஷெல் புலம்பும், வேறிடத்தில் இன்னொன்று இருந்தாலும். ஒரு கமாண்டை ஒருமுறை கண்டுபிடித்த பாதையை பாஷ் ஞாபகம் வைத்துக்கொள்வதால் வருவது இது. ஹேஷ் -ஆர் கொடுத்தால் மறந்துவிட்டுப் புதிதாகத் தேடும்.

அரைப்புள்ளி:

கருந்திரை சொன்னபடி செய்தேன். நீக்க விடமாட்டேன் என்கிறது. எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட் என்று நீளமாக ஒரு எர்ரர்.

நடுநிசி:

சூடோ போட்டு அட்மின் அனுமதியோடு கொடுங்கள், போய்விடும்.

கருந்திரை:

வேண்டாம். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில், சூடோ போட்டாலும் அந்த எர்ரர் போகாது; அது அனுமதி பற்றிய எர்ரரே இல்லை. இரண்டாவது, சூடோவோடு ஓடும் பிப் உங்கள் ஹோமைப் பார்க்காமல் ரூட் என்ற அட்மின் யூசரின் இடங்களைப் பார்க்கும். நீங்கள் நீக்க நினைத்த பைடெஸ்ட் அங்கேயே இருக்கும். வேறு ஏதாவது போகலாம்.

அந்த எர்ரரின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் பலர் முட்டிக்கொள்கிறார்கள். லினக்ஸில் பைத்தான் உங்களுக்கு மட்டும் உரியதல்ல, சிஸ்டத்தின் பல கருவிகள் அதே பைத்தானில் ஓடுகின்றன. அந்தக் கருவிகளுக்கான லைப்ரரிகளை வைப்பதும் எடுப்பதும் ஆப்ட் போன்ற பேக்கேஜ் மேனேஜரின் வேலை. அதே இடத்தில் பிப்பும் கைவைத்தால் இருவர் கணக்கும் ஒத்துப்போகாது. பிப் புது வெர்ஷன் ஒன்றை வைக்கும், சிஸ்டம் கருவி அதை எடுத்துக்கொண்டு தடுமாறும். இதைத் தடுக்கத்தான் பெப் 668 என்ற பைத்தான் விதிமுறை வந்தது. பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஃபோல்டரில் எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால், என்விரான்மென்ட்டுக்கு வெளியே பிப் வேலை செய்ய மறுக்கும். 2023-இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 இரண்டிலும் இது இருக்கிறது. இன்ஸ்டாலுக்கு மட்டும் அல்ல, அன்இன்ஸ்டாலுக்கும் இதே தடைதான். பலர் இதை எதிர்பார்ப்பதில்லை.

உங்கள் நிலைமையில் --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற ஆப்ஷனைக் கொடுத்து நீக்கலாம். பெயர் பயமுறுத்தத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சூடோ இல்லாமல் ஓட்டினால் சிஸ்டம் ஃபோல்டரைத் தொட அதனால் முடியாது. ஒய் அடிக்கும் முன் அது காட்டும் பட்டியலில் எல்லாப் பாதையும் .லோக்கலுக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. இந்த மாதிரி இடத்தில் அதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. -ஒய் என்ற ஆப்ஷனைப் போட்டு அந்தக் கேள்வியையே வராமல் செய்யும் பழக்கம் ஸ்கிரிப்ட்டுக்குள் சரி, கையால் நீக்கும்போது கூடாது.

ஒருவேளை பாதை /யுஎஸ்ஆர்/லிப் என்று வந்தால் அது ஆப்ட் வைத்த பைடெஸ்ட். அதை ஆப்ட்டிடமே சொல்லி எடுக்க வேண்டும். பேக்கேஜ் பெயர் பைத்தான்3-பைடெஸ்ட்.

அரைப்புள்ளி:

எல்லாம் .லோக்கலுக்குள்தான் இருந்தது. போய்விட்டது. இப்போது டைப் -ஏ கொடுத்தால் எதுவும் இல்லை. நன்றி!

மிச்சம் மூன்று?

பச்சைக்குறி:

அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

பைடெஸ்டை இன்ஸ்டால் செய்தால் அது தனியாக வருவதில்லை. ப்ளகின்களை இணைக்க ப்ளகி, ஐஎன்ஐ ஃபைலைப் படிக்க இனிகான்ஃபிக், வெர்ஷன்களை ஒப்பிட பேக்கேஜிங். புது வெர்ஷன்களில் வண்ணம் காட்ட பிக்மென்ட்ஸும் வரும். விண்டோஸில் கலராமா. பைத்தான் 3.11-க்கு முந்தியது என்றால் இன்னும் இரண்டு, டாம்லியும் எக்செப்ஷன்குரூப்பும். இப்படிப் பட்டியல் மெஷினுக்கு மெஷின் மாறும்.

நீக்கும்போது பிப் என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். ஒவ்வொரு லைப்ரரிக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் பெயரும் வெர்ஷனும் சேர்ந்து டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதனுள் ரெக்கார்ட் என்று ஒரு ஃபைல். அந்த லைப்ரரிக்காக வைக்கப்பட்ட ஒவ்வொரு ஃபைலின் பாதையும், ஹேஷும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறி), அளவும் அதில் வரிவரியாக இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள், வெறும் டெக்ஸ்ட்தான். பின் ஃபோல்டரில் உள்ள பைடெஸ்ட் ஸ்கிரிப்ட்டுக்கும் அதில் ஒரு வரி இருக்கும். அன்இன்ஸ்டால் என்றால் அந்த ரெக்கார்டைப் படித்து அதில் உள்ளதை அழிப்பது, அவ்வளவே. ப்ளகியின் ஃபைல்கள் ப்ளகியின் ரெக்கார்டில் இருக்கின்றன, பைடெஸ்டின் ரெக்கார்டில் இல்லை. அதனால் தொடுவதில்லை.

நீங்கள் எடுக்கலாமா என்றால், ஒவ்வொன்றுக்கும் இதைக் கேளுங்கள்:

பைத்தான் -எம் பிப் ஷோ ப்ளகி

கடைசியில் ‘ரெக்வயர்ட்-பை’ என்று ஒரு வரி வரும். அது காலியாக இருந்தால் வேறு எதுவும் அதை நம்பியிருக்கவில்லை. ப்ளகியும் இனிகான்ஃபிக்கும் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பேக்கேஜிங் விஷயத்தில் கவனம், அதை நம்பியிருக்கும் கருவிகள் ஏராளம். ப்ளாக், ஸ்ஃபிங்க்ஸ் எல்லாம் அதைக் கேட்கும். அந்த வரியில் பெயர் இருந்தும் நீங்கள் நீக்கச் சொன்னால் பிப் ஒரு வார்த்தை எச்சரிக்காது, நீக்கிவிடும். முடித்தபின் பைத்தான் -எம் பிப் செக் கொடுத்தால் உடைந்தது ஏதாவது இருந்தால் சொல்லும்.

மூலநிரல்:

பச்சைக்குறி, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. எதை நாம் கேட்டோம், எது தானாக வந்தது என்று பிப்புக்குத் தெரியாமல் இல்லை. நாம் பெயர் சொல்லி இன்ஸ்டால் செய்ததற்கு அதே டிஸ்ட்-இன்ஃபோவுக்குள் ரெக்வெஸ்டட் என்று ஒரு காலி ஃபைலை வைக்கிறது. தானாக வந்தவற்றுக்கு அது இருக்காது. தகவல் கையில் இருக்கிறது, நீக்கும்போது அதைப் பயன்படுத்துவதில்லை. ஆப்ட்டில் தேவையற்றுப்போனதை நீக்கும் ஆட்டோரிமூவ் என்று ஒரு வசதி எவ்வளவு காலமாக இருக்கிறது!

பச்சைக்குறி:

அந்த ஃபைலை முழுதாக நம்ப முடியாது என்பது என் கருத்து. பிப் ஃப்ரீஸ் கொடுத்து, இன்ஸ்டால் ஆகியிருக்கும் எல்லாவற்றையும் வெர்ஷனோடு ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் எழுதி வைத்திருப்பார்கள். அதிலிருந்து இன்ஸ்டால் செய்தால் ப்ளகியும் பெயர் சொல்லிக் கேட்டதாகவே ஆகிவிடும். எல்லாமே கேட்டதுதான் என்றால் எதை எடுப்பது?

அதோடு, உங்கள் கோட் பேக்கேஜிங்கை நேரடியாக இம்போர்ட் செய்கிறது என்று வையுங்கள். பட்டியலில் எழுதவில்லை, பைடெஸ்டோடு வந்ததால் வேலை செய்துகொண்டிருந்தது. பிப் தானாக நீக்கினால் டெஸ்ட் லைப்ரரியை எடுத்ததற்கு நிஜ ப்ரோக்ராம் விழும். அரைப்புள்ளி, இதை நீங்களும் ஒருமுறை பாருங்கள். உங்கள் கோடில் அந்த மூன்று பெயர்களையும் தேடுங்கள்.

மூலநிரல்:

அப்படி விழுந்தால் நல்லதுதானே? பட்டியலில் இல்லாத ஒன்றை நம்பி ஓடும் ப்ரோக்ராம் இன்னொரு மெஷினில் எப்படியும் விழும்.

மற்ற இடங்களில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான என்பிஎம்மில், ஜெஸ்ட் என்ற டெஸ்ட் லைப்ரரியை நீக்க என்பிஎம் அன்இன்ஸ்டால் ஜெஸ்ட் என்று கொடுத்தால் ஜெஸ்ட்டோடு வந்த கூட்டமும் சேர்ந்தே வெளியேறும். பிஎச்பியில் கம்போசர் ரிமூவ் --டெவ் என்று பிஎச்பியூனிட்டை எடுத்தாலும் அப்படித்தான். இந்த இரண்டிலும் ப்ராஜெக்ட்டுக்கு என்ன வேண்டும் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, பூட்டிய வெர்ஷன்களுக்கு இன்னொரு ஃபைல் இருக்கிறது. எதை வைப்பது எதை எடுப்பது என்று அந்த ஃபைல் முடிவு செய்கிறது. பிப் அப்படி எந்த ஃபைலையும் எழுதுவதில்லை. இன்ஸ்டால் செய்கிறது, மறந்துவிடுகிறது.

பைத்தானிலேயே அது வேண்டுமானால் யூவி என்ற கருவி இருக்கிறது, 2024-இல் வந்தது. யூவி ஆட் --டெவ் பைடெஸ்ட் என்றால் பைப்ராஜெக்ட்.டாம்லில் எழுதி, பூட்டு ஃபைலைப் புதுப்பித்து, இன்ஸ்டால் செய்யும். யூவி ரிமூவ் --டெவ் பைடெஸ்ட் என்றால் எழுதியதை அழித்து, அதோடு வந்தவற்றில் வேறு யாருக்கும் தேவையில்லாததையும் எடுத்துவிடும். ஆனால் யூவி பிப் அன்இன்ஸ்டால் என்று கொடுத்தால் அது பிப் மாதிரியே நடந்துகொள்ளும், மிச்சம் அப்படியே இருக்கும். ஒரே கருவி, இரண்டு நடத்தை. கவனம் தேவை.

கருந்திரை:

இந்த விவாதம் நல்ல விவாதம்தான், ஆனால் அரைப்புள்ளிக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறேன். .வென்வ் என்பது ஒரு ஃபோல்டர். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்குவது, மிச்சங்களை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட எளிது, நம்பகமானது:

ஆர்எம் -ஆர்எஃப் .வென்வ்
பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்

பிறகு ஆக்டிவேட் செய்து, தேவையானதை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

இதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. அழிக்கும் முன் பிப் ஃப்ரீஸ் எடுத்து, அதிலிருந்தே திரும்ப இன்ஸ்டால் செய்தால் பழைய குப்பை முழுவதும் திரும்பி வரும். ப்ளகியும் இனிகான்ஃபிக்கும் ஃப்ரீஸில் இருக்கும். யார் கேட்டு வந்தவை என்பது அதில் இருக்காது. ஃப்ரீஸுக்குப் பதில் இதைக் கொடுங்கள்:

பைத்தான் -எம் பிப் லிஸ்ட் --நாட்-ரெக்வயர்ட்

வேறு எதற்கும் தேவைப்படாமல் இருப்பவற்றை மட்டும் காட்டும். உங்கள் நிலையில் அதில் ப்ளகியும் பேக்கேஜிங்கும் தனியாக நிற்கும், பைடெஸ்ட் போய்விட்டதால். அதைப் பார்த்துக் கையால் ஒரு பட்டியல் எழுதுங்கள். கையால் எழுதிய பட்டியலே உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நிஜமாக என்ன வேண்டும் என்பதற்கான ஆதாரம்.

இன்னொன்று: .வென்வ்-ஐ நகர்த்துவதோ பெயர் மாற்றுவதோ கூடாது. மேலே சொன்ன ஸ்கிரிப்ட்களின் முதல் வரியில் பழைய முழுப் பாதைதான் இருக்கும்.

நடுநிசி:

சூடோ பற்றிச் சொன்னதற்கு நன்றி, விவரம் புரிந்தது. என் பக்கம் விண்டோஸ். அங்கே பைடெஸ்டை நீக்கியதிலிருந்து பிப்பில் எது கொடுத்தாலும் ‘இன்வாலிட் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. வேலை நடக்கிறது, ஆனால் எச்சரிக்கை போகவில்லை.

மூலநிரல்:

சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பைடெஸ்டின் முதல் எழுத்துக்குப் பதிலாக அலைக்குறி போட்டு ~ என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். நீக்கும்போது பிப் உடனே அழிப்பதில்லை. முதலில் இப்படிப் பெயர் மாற்றி ஒதுக்கி வைக்கும், எல்லாம் சரியாக முடிந்தால்தான் அழிக்கும். நடுவில் ஏதாவது கோளாறானால் பழையதை மீட்க இந்த ஏற்பாடு. விண்டோஸில் ஒரு ஃபைலை வேறு ப்ரோக்ராம் திறந்து வைத்திருந்தால் அழிக்க விடாது. எடிட்டரோ, பின்னால் ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட்டோ அந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு அலைக்குறி ஃபோல்டரைக் கையால் அழித்துவிடலாம். எச்சரிக்கை நின்றுவிடும்.

விண்டோஸில் எந்தப் பைடெஸ்ட் ஓடுகிறது என்று தேட வேர் பைடெஸ்ட். பவர்ஷெல் என்றால் வேர்.இஎக்ஸ்இ என்று முழுதாக அடிக்க வேண்டும்; வெறும் வேர் அங்கே வேறு ஒரு கமாண்டின் சுருக்கம்.

சிறுதுளி:

இந்த இழையைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. லைப்ரரியை விட ப்ளகின்கள்தான் அதிகம் படுத்தும். பைடெஸ்ட்-கவ் என்ற கவரேஜ் ப்ளகினை மட்டும் நீக்கினால் போதும் என்று நீக்குவார்கள். அடுத்த நிமிடம் பைடெஸ்ட் ஒரு டெஸ்ட்டைக்கூட ஓட்டாமல், --கவ் என்ற ஆப்ஷன் எனக்குத் தெரியாது என்று நின்றுவிடும். யாரும் --கவ் கொடுத்திருக்க மாட்டார்கள். பைப்ராஜெக்ட்.டாம்லில் அல்லது பைடெஸ்ட்.ஐஎன்ஐயில் ஆட்ஆப்ட்ஸ் என்ற வரியில் அது உட்கார்ந்திருக்கும். அதையும் எடுக்க வேண்டும்.

இன்ஸ்டால் பக்கமும் இதே கதை. ஒரு லைப்ரரி தன்னைப் பைடெஸ்ட் ப்ளகின் என்று என்ட்ரி பாயின்ட்டில் பதிந்துகொண்டிருந்தால் போதும். அதை இன்ஸ்டால் செய்த கணத்திலிருந்து பைடெஸ்ட் தானாக லோட் செய்துகொள்ளும், இம்போர்ட்டே தேவையில்லை. பைடெஸ்ட் ஓடத் தொடங்கும்போது மேலே ப்ளகின்ஸ் என்று ஒரு வரி வருமே, அதைப் பார்த்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். அதனால் பைடெஸ்டை நீக்குபவர் முதலில் அந்த வரியைப் பார்த்து ப்ளகின்களை நீக்கிவிட்டு, பிறகு பைடெஸ்டுக்கு வருவது நல்லது.

பச்சைக்குறி:

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் கிடப்பவற்றை யாரும் சொல்லவில்லை. பிப்பின் ரெக்கார்டில் இல்லாதவை, அதனால் பிப் தொடாதவை.

.பைடெஸ்ட்_கேஷ் ஃபோல்டர்: கடைசியாக எந்த டெஸ்ட் விழுந்தது என்பது போன்ற குறிப்புகள், அழித்துவிடலாம். அப்புறம் டெஸ்ட் ஃபோல்டருக்குள் உள்ள பைகேஷ். அதில் பிஒய்சி ஃபைல்களின் பெயரைப் பாருங்கள்: சிபைத்தான்-312-பைடெஸ்ட்-8.3.4 என்பது போலப் பெயருக்குள்ளேயே பைடெஸ்டின் வெர்ஷன் இருக்கும். அசெர்ட் விழும்போது இரண்டு பக்க மதிப்பையும் பிரித்துக் காட்டுகிறதே, அதற்காகப் பைடெஸ்ட் உங்கள் டெஸ்ட் கோடை மாற்றி எழுதி, அந்தப் பிரதியை இங்கே சேமிக்கிறது. யூனிட்டெஸ்ட் அவற்றைத் தொடவே தொடாது. இருப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் எந்தெந்த வெர்ஷன்கள் இந்த ஃபோல்டரில் ஓடியிருக்கின்றன என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கான்ஃப்டெஸ்ட்.பை ஃபைலை மட்டும் படிக்காமல் அழிக்காதீர்கள். அதில் ஃபிக்ஸர்கள் இருக்கும். டேட்டாபேஸைத் தயார் செய்வது, தற்காலிக ஃபோல்டர் உருவாக்குவது போன்ற வேலைகளை அவைதான் செய்துகொண்டிருந்திருக்கும். அவை யூனிட்டெஸ்டின் செட்அப் மெத்தட்களுக்குள் போய்ச் சேர வேண்டும்.

அரைப்புள்ளி, உங்கள் டெஸ்ட்களை ஏற்கெனவே மாற்றி எழுதிவிட்டீர்களா?

அரைப்புள்ளி:

பாதி. முதலில் நீக்கிவிட்டால் எங்கெல்லாம் உடைகிறது என்று தெரியும், அதைப் பார்த்து எழுதலாம் என்று திட்டம். இப்போது பைத்தான் -எம் யூனிட்டெஸ்ட் கொடுத்தால் ஓகே என்றே முடிகிறது. உடையவில்லை.

பச்சைக்குறி:

அந்த ஓகேயை நம்பாதீர்கள். அதற்கு மேல் உள்ள வரியைப் பாருங்கள், எத்தனை டெஸ்ட் ஓடியது என்று இருக்கும்.

பைடெஸ்டில் டெஸ்ட்_ என்று தொடங்கும் சாதாரண ஃபங்ஷன் எழுதினால் போதும், அதுவே ஒரு டெஸ்ட். யூனிட்டெஸ்டுக்கு டெஸ்ட்கேஸ் கிளாஸுக்குள் இருப்பது மட்டுமே டெஸ்ட்; வெளியே நிற்கும் ஃபங்ஷன்களை அது கண்டுகொள்ளாது. உடைந்தால்தானே எர்ரர் வரும்? அவை ஓடவே இல்லை.

ஃபைல் பெயரிலும் வேறுபாடு உண்டு. பைடெஸ்ட் டெஸ்ட்_ என்று தொடங்குவதையும் _டெஸ்ட் என்று முடிவதையும் எடுத்துக்கொள்ளும். யூனிட்டெஸ்ட் டெஸ்ட் என்று தொடங்குவதை மட்டும்தான் தேடும். சப்ஃபோல்டருக்குள் இருப்பதைத் தேட அங்கே இனிட் ஃபைல் இருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

பைத்தான் 3.12-க்கு முன்னால் இது இன்னும் ஆபத்து. ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்காவிட்டாலும் ஓகே என்று சொல்லி வெற்றி என்று பொருள்படும் எக்ஸிட் கோட் 0 கொடுத்துவிடும், கோட் மாறும்போது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐயில் பச்சை எரியும். 3.12-இலிருந்துதான் ஒன்றுமே ஓடவில்லை என்றால் எக்ஸிட் கோட் 5 வருகிறது. பைடெஸ்ட் முன்பே அப்படித்தான் செய்துவந்தது.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். யூனிட்டெஸ்ட் பாணியில் எழுதிய டெஸ்ட்கேஸ் கிளாஸ்களைப் பைடெஸ்டும் ஓட்டும். பைடெஸ்டைத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டு, ஒவ்வொரு ஃபைலாக டெஸ்ட்கேஸ் கிளாஸுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டையும் ஓட்டுங்கள். பைடெஸ்ட் சொல்லும் எண்ணிக்கையும் யூனிட்டெஸ்ட் சொல்லும் எண்ணிக்கையும் நெருங்கிக்கொண்டே வரும். ஒரே டெஸ்ட்டைப் பல மதிப்புகளோடு ஓட்டும் பாராமெட்ரைஸ் எழுதிய இடங்களில் மட்டும் எண்ணிக்கை ஒத்துவராது: பைடெஸ்ட் ஒவ்வொரு மதிப்பையும் தனி டெஸ்ட்டாக எண்ணும், யூனிட்டெஸ்டில் அதற்கு மாற்றான சப்டெஸ்ட் எல்லாம் சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். பைடெஸ்ட் என்ற பெயரை இம்போர்ட் செய்யும் கடைசி ஃபைலும் மாறிய பிறகு நீக்குங்கள்.

அரைப்புள்ளி:

பார்த்தேன். பூஜ்யம் என்றிருக்கிறது. இந்தப் பதில் இல்லாவிட்டால் இப்படியே மெர்ஜ் ஆகியிருக்கும். திரும்ப இன்ஸ்டால் செய்துவிட்டு நீங்கள் சொன்ன வரிசையிலேயே போகிறேன், மிக்க நன்றி.

சிறுதுளி:

பிரவுசர் டெஸ்ட் எழுதுகிறவர்களுக்காக ஒன்று சேர்த்துவிடுகிறேன். ப்ளேரைட் மாதிரி லைப்ரரிகளில் நீக்கும் வரிசை இன்னும் முக்கியம். பிப்பால் இன்ஸ்டால் ஆவது லைப்ரரி மட்டும். அதன்பின் ப்ளேரைட் இன்ஸ்டால் என்று கொடுக்கும்போதுதான் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் எல்லாம் இறங்குகின்றன. லினக்ஸில் அவை ஹோமுக்குள் .கேஷ் ஃபோல்டரில் எம்எஸ்-ப்ளேரைட் என்ற பெயரில் இருக்கும், என்விரான்மென்ட்டுக்கு வெளியே. .வென்வ்-ஐ முழுதாக அழித்தாலும் அவை போகாது, நூற்றுக்கணக்கான எம்பி அங்கேயே உட்கார்ந்திருக்கும். முதலில் ப்ளேரைட் அன்இன்ஸ்டால் --ஆல், பிறகுதான் பிப் அன்இன்ஸ்டால். தலைகீழாகச் செய்தால் பிரவுசரை நீக்கும் கமாண்டே போய்விட்டிருக்கும், கையால் அழிக்க வேண்டியதுதான். மற்ற ப்ராஜெக்ட்களும் அதே பிரவுசர்களைப் பயன்படுத்துகின்றனவா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். --ஆல் எல்லாவற்றையும் எடுத்துவிடும்.

நடுநிசி:

ஜெஸ்ட்டில் எனக்கு வேறு மாதிரி குழப்பம். நீக்கிய பிறகும் என்பிஎக்ஸ் ஜெஸ்ட் ஓடுகிறது. இதுவும் இன்னொரு இடத்தில் இருப்பதா?

மூலநிரல்:

இருக்க வேண்டியதில்லை. என்பிஎக்ஸ் ப்ராஜெக்ட்டுக்குள் தேடும். கிடைக்காவிட்டால் இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஓட்டும். என்பிஎம் 7 முதல் இறக்கவா என்று ஒரு வரி கேட்கும், நாம் என்டர் தட்டிவிடுகிறோம். என்பிஎக்ஸ் --நோ-இன்ஸ்டால் ஜெஸ்ட் என்று கொடுத்துப் பாருங்கள், ப்ராஜெக்ட்டில் இல்லாததை அது இறக்காது.

ரூபியிலும் இதே மயக்கம் உண்டு, காரணம் வேறு. ஜெம் அன்இன்ஸ்டால் ஆர்ஸ்பெக் என்று நீக்கிய பிறகும் ஆர்ஸ்பெக் கமாண்ட் ஓடும். ஆர்ஸ்பெக் என்ற ஜெம் (ரூபி லைப்ரரி) ஒரு உறைதான். கமாண்ட் ஆர்ஸ்பெக்-கோர் என்ற ஜெம்முக்குச் சொந்தம், அது தொடப்படாமல் இருக்கும்.

மணற்கடிகாரம்:

சி++ பக்கம் யாரும் வரவில்லையே. கூகுள்டெஸ்ட் என்ற டெஸ்ட் லைப்ரரியை சோர்ஸிலிருந்து பில்ட் செய்து சூடோ மேக் இன்ஸ்டால் கொடுத்தேன். மேக் அன்இன்ஸ்டால் என்றால் அப்படி ஒன்று இல்லை என்கிறது.

கருந்திரை:

அதன் பில்ட் கருவியான சிமேக் தானாக அன்இன்ஸ்டால் தருவதில்லை. பில்ட் ஃபோல்டரை இன்னும் வைத்திருக்கிறீர்களா? அதில் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்.டெக்ஸ்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும், வைத்த ஒவ்வொரு ஃபைலின் பாதையும் அதில் உண்டு. பிப்பின் ரெக்கார்ட் செய்யும் அதே வேலை. படித்துப் பார்த்துவிட்டு, அதில் உள்ளவற்றை எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக ஆர்எம்-க்குக் கொடுத்து நீக்கலாம். ஃபைல்கள் போகும், காலி ஃபோல்டர்கள் நிற்கும்.

பில்ட் ஃபோல்டரை அழித்திருந்தால் அதே வெர்ஷனை அதே ப்ரிஃபிக்ஸோடு திரும்ப பில்ட் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். பட்டியல் மறுபடி உருவாகும். அடுத்த முறை சிஸ்டத்தில் வைக்காமல் சிமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட்டில் கூகுள்டெஸ்டை இழுத்துக்கொள்ளுங்கள். பில்ட் ஃபோல்டரோடு வரும், பில்ட் ஃபோல்டரோடு போகும்.

அரைப்புள்ளி:

எல்லா ஃபைல்களும் மாறிவிட்டன. எண்ணிக்கை பாராமெட்ரைஸ் வித்தியாசம் தவிர ஒத்துவருகிறது. .வென்வ்-ஐ அழித்துக் கையால் எழுதிய பட்டியலிலிருந்து புதிதாக உருவாக்கினேன், பிப் லிஸ்ட்டில் இப்போது அந்த மூன்றும் இல்லை.

ஒரே ஒரு இடம் பாக்கி. சிஐயில் லாகைப் பார்த்தால் அங்கே இன்னும் பைடெஸ்ட் இருக்கிறது. ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் இல்லை, ஸ்கிரிப்ட்டிலும் இல்லை.

பச்சைக்குறி:

சிஐயில் .வென்வ்-ஐ கேஷ் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய .வென்வ் அப்படியே திரும்ப வருகிறது, அதன்மேல் பிப் இன்ஸ்டால் -ஆர் ஓடுகிறது. இன்ஸ்டால் -ஆர் பட்டியலில் உள்ளதைச் சேர்க்கும், இல்லாததை எடுக்காது. கேஷ் கீயில் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலின் ஹேஷைச் சேருங்கள். ஃபைல் மாறினால் கீ மாறும், .வென்வ் புதிதாக உருவாகும். கீ கிடைக்காதபோது பழையதிலிருந்து மீட்கும்படி ரீஸ்டோர் கீ ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும்.

அரைப்புள்ளி:

ரீஸ்டோர் கீ இருந்தது. எடுத்துவிட்டேன், இப்போது லாகில் இல்லை.